அனிமல் கிராஸிங் தீவுக்கு வடக்கா, தெற்கா? யாழ்ப்பாணத்திலிருந்து விளையாடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் நமக்கென்று ஒரு தீவை வளர்க்கும் விளையாட்டான அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, அதில் வரும் கடைக்காரச் சிறுவர்களான டிம்மியும் டொம்மியும் ஒரு கேள்வி கேட்பார்கள்: உங்கள் தீவு வட அரைக்கோளத்திலா, தென் அரைக்கோளத்திலா? யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது, ஆகவே வடக்கு என்று அழுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போவதால் விளையாட்டுக் கெட்டுப்போகாது. ஆனால் தீவில் எந்த மாதம் பனி விழும், எந்த மாதம் சுறா வரும், எந்தப் பூச்சிக்காக எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் இந்த ஒரு பதில்தான் தீர்மானிக்கிறது, பிறகு அதை மாற்றவும் முடியாது. எனவே கேள்வி வருவதற்கு முன்னமே ஆறுதலாக யோசித்து வைப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் நம் ஊர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துத் தெரிவுசெய்யத் தேவையில்லை. வருடத்தில் எந்த மாதங்களில் உங்களுக்கு விளையாட நேரம் கிடைக்கும், நீங்கள் யாருடைய தீவுக்குப் பறந்துபோகப் போகிறீர்கள், இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் படி: எது மாறும், எது மாறாது

பூமி 23.4 பாகை சாய்ந்து சுற்றுவதால் வடக்கில் கோடை நடக்கும்போது தெற்கில் குளிர்காலம். சூரியனுக்குக் கிட்ட இருக்கிறோமா, தூர இருக்கிறோமா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை; பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவதே ஜனவரி தொடக்கத்தில், கனடா உறைந்து கிடக்கும் நேரத்தில். விளையாட்டும் இந்த ஆறு மாத வித்தியாசத்தை அப்படியே எடுத்திருக்கிறது. வடக்கில் மார்ச் முதல் மே வரை இளவேனில், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கோடை, செப்டெம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர்காலம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை குளிர்காலம். தெற்கில் இதற்கு நேர் எதிர். இந்தத் தொடரின் முன்னைய விளையாட்டுகளில் தெரிவே இருக்கவில்லை, எல்லோருக்கும் டிசெம்பரில்தான் பனி. 2020 மார்ச் 20ஆம் திகதி வெளிவந்த நியூ ஹொரைசன்ஸில்தான் முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் காலநிலையோடு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம், இரண்டுமே பொருந்தாது. நமக்கு ஒக்டோபரில் தொடங்கி வாடைக்காற்றோடு வரும் மாரி, அப்புறம் வெயில், சோளகம், அவ்வளவுதான். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே சுமார் ஒரு மணித்தியால வித்தியாசம்தான். நாம் நடுங்கிக்கொண்டு பனிமனிதன் உருட்டப் போவதில்லை, அதனால் வெளியே இருக்கும் காலத்தைத் திரையிலும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. மெல்பேர்னிலோ ரொறன்ரோவிலோ இருப்பவருக்கு இல்லாத சுதந்திரம் இது.

பூ, புல், இலை, பனி, மீன், பூச்சி, கடலுயிர், பருவத்துக்குரிய கைவினைப் பொருட்கள், எல்லாம் மாறும். திகதியோடு ஒட்டிய கொண்டாட்டங்கள் மாறாது. ஒக்டோபர் 31 ஹலோவீன் இரண்டு பக்கமும் ஒக்டோபர் 31தான், டிசெம்பர் 24 அன்று வரும், கிறிஸ்மஸ் போன்ற டோய் டே கொண்டாட்டமும் அப்படியே. தெற்கில் அது கோடையில் வருகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். மீன்பிடிப் போட்டி இரண்டு பக்கமும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களில். பூச்சிப் போட்டி மட்டும் கோடையைத் தொடர்ந்து போகும்: வடக்கில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை, தெற்கில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை.

இரண்டாம் படி: வீட்டில் இருப்பவர்களோடு கதைத்து முடிவெடுங்கள்

ஒரு ஸ்விட்ச் கருவிக்கு ஒரே ஒரு தீவுதான். அண்ணன், தங்கை, அம்மா என்று எட்டுப் பேர் வரை அதே தீவில் வீடு கட்டலாம், ஆனால் முதலில் தொடங்குபவர் எடுக்கும் தெரிவுதான் மற்ற எல்லோருக்கும். சின்னவர் பனி வேண்டும் என்கிறார், பெரியவர் சுறா வேண்டும் என்கிறார் என்றால் தொடங்கிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு கேம் கார்ட் வாங்கினாலும் அதே கருவியில் இரண்டாவது தீவு வராது.

மூன்றாம் படி: உங்கள் விடுமுறையைக் கணக்கில் எடுங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. விளையாட்டு உண்மையான கடிகாரத்தோடு ஓடுகிறது. நீங்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் செர்ரிப்பூ உங்களுக்காகக் காத்திராது. நம் பாடசாலைகளுக்கு வழக்கமாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பரில் தவணை விடுமுறை, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின்னாகும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏப்ரல். வடக்கில் செர்ரிப்பூ ஏப்ரல் 1 முதல் 10 வரை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னமே முடிந்துவிடும், ஆகவே விடுமுறை புத்தாண்டை ஒட்டித்தான் தொடங்குகிறது என்றால் கடைசி நாட்கள்தான் கையில் கிடைக்கும். அந்த நாட்களில் மரமெல்லாம் இளஞ்சிவப்பாக நிற்கும், காற்றில் வரும் இதழ்களை வலையால் பிடிக்கலாம், பலூன்களைச் சுட்டால் செர்ரிப்பூவை வைத்துப் பொருட்கள் செய்யும் செய்முறைகள் விழும். தெற்கில் அதே ஏப்ரல் இலையுதிர்காலம். பைன் மரங்களை உலுக்கினால் பைன் கூம்பு, மற்ற மரங்களை உலுக்கினால் ஏகோர்ன் கொட்டை. தெற்கில் இது மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நீளும், அவசரமே இல்லை. தெற்குக்காரருக்குச் செர்ரிப்பூ ஒக்டோபர் 1 முதல் 10 வரை, தவணை நடுவில். பாடசாலை விட்டு வந்த பிறகு தினமும் அரை மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டிவரும்.

ஓகஸ்ட். வடக்கில் வண்டுக் காலம். ஹோர்ன்ட் ஹெர்குலிஸ், கோல்டன் ஸ்டாக் இரண்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மட்டும், மாலை 5 மணியிலிருந்து காலை 8 மணி வரை தென்னை மரத்தில் வந்து உட்காரும், ஒவ்வொன்றையும் விற்றால் 12,000 பெல்ஸ் (விளையாட்டின் பணம்). கடலில் முதுகுச் செட்டையோடு நிழல் தெரிந்தால் பெரும்பாலும் சுறாதான். வெள்ளைச் சுறா 15,000, திமிங்கிலச் சுறா 13,000. சுறாக்கள் ஜூன் முதல் செப்டெம்பர் வரை நிற்கும். வடக்குத் தீவில் வீட்டுக்கடனை அடைப்பதற்கு ஓகஸ்ட் விடுமுறையை விட நல்ல காலம் கிடையாது. தெற்கிலோ ஓகஸ்ட் 24 வரை தீவு முழுக்க வெண்பனி. வெளியே சோளகம் புழுதியை அள்ளி எறிய, உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருந்து பனிமனிதன் செய்வது ஒரு தனிச் சுகம், இதற்காகவே தெற்கை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

டிசெம்பர். வடக்கில் 11ஆம் திகதி தீவு வெளுக்கும், பெப்ரவரி 24 வரை அப்படியே நிற்கும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறும்போதும் உங்கள் தீவில் பனிதான். டோய் டே பனியோடு வருவதால் கிறிஸ்மஸ் கொண்டாடும் வீடுகளுக்கு வடக்கு நன்றாகப் பொருந்தும். தெற்கில் டிசெம்பர் கோடைத் தொடக்கம், சுறாக்கள் டிசெம்பர் முதல் மார்ச் வரை. பெரிய வண்டுகள் மட்டும் ஜனவரி வரை காக்க வைக்கும். மாரி மழையில் வீட்டை விட்டு இறங்க முடியாத நாட்களில் விளையாட நிறைய நேரம் கிடைக்கும் என்பதால், டிசெம்பர் விடுமுறைதான் உங்களுக்குப் பெரியது என்றால் தெற்கைத் தாராளமாக யோசிக்கலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. தினமும் கொஞ்ச நேரம் விளையாடினால் ஒரு வருடத்தில் எந்தப் பக்கத்திலும் எல்லாம் வந்து போகும்.

நான்காம் படி: சொந்தங்களின் தீவு எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் இது நமக்கு வாய்த்த பெரிய வசதி. சித்தி குடும்பம் ரொறன்ரோவில், மாமா குடும்பம் லண்டனில், பெரியப்பா பிள்ளைகள் சிட்னியில் என்று இரண்டு அரைக்கோளத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொருவரின் தீவுக்குப் போனால் அங்கே நடப்பது அவருடைய பருவம், அவருடைய நேரம். அங்கே பிடிக்கும் மீனும் பூச்சியும் உங்களுக்குத்தான், கொண்டுவந்து அருங்காட்சியகத்தை நடத்தும் ஆந்தை பிளாதர்ஸிடம் கொடுத்தால் அங்கே வைக்க எடுத்துக்கொள்வார். 80 மீன், 80 பூச்சி, 40 கடலுயிர் என்று முழுவதும் நிரப்ப ஒரே தீவில் இருந்தால் பல மாதங்கள் போகும். எதிர்ப்பக்கத்தில் ஒரு மச்சான் இருந்தால் அந்தக் காலம் நன்றாகக் குறையும்.

ஆகவே ஒன்றாக விளையாடப் போகிறவர்கள் ஏற்கெனவே வடக்கில் இருந்தால் நீங்கள் தெற்கை எடுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் ஒரே மீன், கொடுத்து வாங்க ஒன்றுமிருக்காது. சிட்னியில் இருக்கும் மச்சாள் தெற்கில் விளையாடுகிறார் என்றால் நீங்கள் வடக்கு. தனியாகத்தான் விளையாடுவேன், யாருடைய தீவுக்கும் போகப் போவதில்லை என்பவருக்கும் என் தெரிவு வடக்குதான், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் வடக்கின் மாதங்களை வைத்தே எழுதப்படுகின்றன.

இணையம் வழியாகப் போய்வர ஸ்விட்ச் ஒன்லைன் கட்டணச் சந்தா வேண்டும். தீவின் விமான நிலையத்தில் பணியாளர் ஓர்வில்லிடம் கதைத்து, வாயிலைத் திறப்பவர் ஐந்து எழுத்து டோடோ கோட் ஒன்றை அனுப்பினால் மற்றவர் அதை அடித்துப் போகலாம். ஒரே வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தால் சந்தா இல்லாமலே பக்கத்தில் இருந்து இணையலாம். கோடாரியும் மண்வெட்டியும் அடுத்தவர் தீவில் வேலை செய்ய வேண்டுமானால் உங்களை அவர் பெஸ்ட் ஃபிரெண்ட் ஆகச் சேர்த்திருக்க வேண்டும். இதைப் போவதற்கு முன் சொல்லி வையுங்கள், இளமூங்கிலும் சில காளானும் அது இல்லாமல் கிடைக்காது.

ஐந்தாம் படி: தெரிவுசெய்த பிறகு நாட்காட்டியில் குறியுங்கள்

கருவியின் திகதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று தொடங்குவதற்கு முன்பே பாருங்கள், ஏனென்றால் விளையாட்டு அதைத்தான் நம்புகிறது. அப்புறம் கீழே இருப்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். வடக்கின் திகதியைச் சொல்கிறேன், தெற்கை உடனேயே சேர்க்கிறேன்.

இளமூங்கில் பெப்ரவரி 25 முதல் மே 31 வரை, தெற்கில் ஓகஸ்ட் 25 முதல் நவம்பர் 30 வரை. மூங்கிலைக் கோடாரியால் தட்டினால் விழும், மரத்தை வெட்டி விழுத்திவிடாதீர்கள். கோடைச் சிப்பி ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கடற்கரையில், தெற்கில் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை. ஏகோர்னும் பைன் கூம்பும் செப்டெம்பர் 1 முதல் டிசெம்பர் 10 வரை, தெற்கில் மேலே சொன்னதுதான்.

காளானுக்கு ஒரே ஒரு மாதம்: வடக்கில் நவம்பர், தெற்கில் மே. மரங்களின் அடியில் முளைக்கும், அரிய வகை மட்டும் மண்ணுக்குள் இருக்கும், மரத்துக்குப் பக்கத்தில் வெடிப்புத் தெரிந்தால் தோண்ட வேண்டும். தீவில் இருந்த மரங்களையெல்லாம் இடமெடுப்பதற்காக வெட்டித் தள்ளியவர்களுக்கு அந்த மாதம் காளான் வர இடமிருக்காது, ஆகவே ஒரு சிறு தோப்பையாவது விட்டு வையுங்கள். அதே மாதத்துக்குள் 16 முதல் 25 வரை மேப்பிள் இலை பறக்கும், வடக்கில் நவம்பர், தெற்கில் மே. இந்தப் பத்து நாளையும் செர்ரிப்பூவின் பத்து நாளையும் சிவப்பு மையில் குறியுங்கள், தவறினால் அடுத்த வருடம்தான்.

வெண்பனிக் காலம் வடக்கில் டிசெம்பர் 11 முதல் பெப்ரவரி 24, தெற்கில் ஜூன் 11 முதல் ஓகஸ்ட் 24. காற்றில் மிதக்கும் பனித்துகளை வலையால் பிடியுங்கள். பனியுருண்டை இரண்டு எங்காவது கிடக்கும். உருட்டி ஒன்றின்மேல் ஒன்றை அளவாக ஏற்றினால் பனிமனிதன் பனிக்கட்டித் தளபாடச் செய்முறை தருவார், பெரிய பனித்துகளும் கொடுப்பார். பாறையிலோ ஆற்றிலோ உருண்டை போய்விட்டால் ஒரு கட்டடத்துக்குள் போய் வாருங்கள், மறுபடி வந்திருக்கும்.

மீன், பூச்சிக்குத் தனிப்பட்டியல் தேவையில்லை. எந்தக் குறிப்பில் பார்த்தாலும் மாதத்தோடு ஆறைக் கூட்டினால் தெற்கு. பிடிபடும் மணித்தியாலங்கள் மாறாது. டரன்டுலா என்ற பெரிய சிலந்தி வடக்கில் நவம்பர் முதல் ஏப்ரல், தெற்கில் மே முதல் ஒக்டோபர். தேள் இதற்கு நேர் எதிர். இரண்டும் இரவு 7 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை, இரண்டுக்கும் 8,000 பெல்ஸ். எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதாவது ஒன்று வருடம் முழுக்க உங்களைக் கடிக்கக் காத்திருக்கும் என்று அர்த்தம். ஒரே மாதம் வருபவற்றை முன்கூட்டியே பாருங்கள்: மின்மினி வடக்கில் ஜூன், தெற்கில் டிசெம்பர், சால்மன், கிங் சால்மன் இரண்டும் வடக்கில் செப்டெம்பர், தெற்கில் மார்ச், ஆறு கடலில் சேரும் இடத்தில் மட்டும். கோல்டன் ட்ரௌட் மார்ச் முதல் மே வரையும் செப்டெம்பர் முதல் நவம்பர் வரையும் வருவதால் ஆறைக் கூட்டினாலும் அதே மாதங்கள்தான். இதற்காக இன்னொரு பக்கத்துத் தீவைத் தேட வேண்டாம். சீலகாந்த் வருடம் முழுக்க உண்டு, மழையோ பனியோ பெய்ய வேண்டும்.

மாத முடிவில் எது போகப்போகிறது என்று பாருங்கள், எது வரப்போகிறது என்பது இரண்டாவது. புதியதைத் துரத்திக்கொண்டு போனவர்கள்தான் கடைசியில் ஒரே ஒரு மீனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

ஆறாம் படி: எதிர்ப்பருவத்துப் பொருள் வேண்டும், சொந்தக்காரர் இல்லை

விளையாட்டில் வரும் படகோட்டி கேப்பனின் படகு இருக்கிறது. 2021 நவம்பரில் வந்த 2.0 மேம்பாட்டோடு சேர்ந்த இந்தப் படகு, நாளுக்கு ஒரு தடவை, 1,000 நூக் மைல்ஸுக்கு (விளையாட்டில் சின்னச் சின்ன வேலைகளுக்குக் கிடைக்கும் புள்ளிகள்) உங்களை ஒரு தீவுக்குக் கொண்டுபோகும். சில வேளை அங்கே வேறு பருவம் நடக்கும். உங்களிடம் கோடையாக இருக்க அங்கே பனியோ, செர்ரிப்பூவோ, காளானோ கிடைக்கலாம். எதுவென்று கேட்டுப் போக முடியாது, அதிர்ஷ்டம்தான். நூக் மைல்ஸ் டிக்கெட்டில் போகும் தீவுகள் உங்கள் பருவத்திலேயே இருக்கும், கனவில் போகும் தீவிலிருந்து எதையும் கொண்டுவர முடியாது, ஆகவே இரண்டையும் இதற்காக நம்ப வேண்டாம்.

கருவியின் திகதியை ஆறு மாதம் தள்ளி வைத்தால் எதிர்ப்பருவம் கிடைக்கும்தான். இணையத்தோடு நேரத்தை ஒத்திசைப்பதை நிறுத்திவிட்டு அமைப்புகளில் மாற்றலாம். ஆனால் பின்னோக்கிப் போனால் விலை ஏறும்போது விற்க வாங்கி வைத்த டேர்னிப் கிழங்கு அழுகும், முன்னோக்கிப் பல மாதம் போனால் தீவு முழுக்கக் களை, வீட்டில் கரப்பான், அயலவர்கள் எங்கே போனாய் என்று கேட்பார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை, மெதுவாக நகர்வதுதான் இந்த விளையாட்டின் வடிவு. ஆனாலும் செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேலை நேரம் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழி இல்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரே வழி தீவை அழித்துப் புதிதாகத் தொடங்குவது. அமைப்புகளில் தரவு முகாமைப் பகுதிக்குப் போய்ச் சேமிப்பை அழிக்க வேண்டும், வீட்டில் உள்ள எல்லோருடைய முன்னேற்றமும் அதோடு போய்விடும். வேறு கருவிக்குத் தீவை மாற்றும் கருவிநிரல் இருந்தாலும் அது அரைக்கோளத்தையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். அழிப்பதற்கு முன் தளபாடங்களையும் பெல்ஸையும் நம்பிக்கையான ஒருவரின் தீவில் இறக்கி வைத்து, பிறகு போய் எடுக்கலாம். கற்ற செய்முறைகளை அப்படிக் காப்பாற்ற முடியாது.

ஏழாம் படி: எப்போது பறப்பது

போகும் தீவில் ஓடுவது அந்த வீட்டுக்காரரின் கடிகாரம் என்பதால் நேர வித்தியாசமும் நமக்கு உதவும். ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 8.30, டரன்டுலா வெளியே வந்திருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைக் காலையில் சித்தி மகனுடன் வேட்டைக்குப் போகலாம், அங்கே அவர்களுக்கு அது வெள்ளி இரவு. அதே ஜனவரியில் சிட்னியில் இரவு 7 மணியாகும்போது நமக்குப் பிற்பகல் 1.30, சோறு சாப்பிட்டுவிட்டுத் தேள் பிடிக்கப் போகலாம். சிட்னியில் ஒக்டோபரிலும் ஏப்ரலிலும், ரொறன்ரோவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை; அந்த மாதங்களில் வாயிலைத் திறக்கச் சொல்வதற்கு முன் அங்கே இப்போது எத்தனை மணி என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.